மாரத்தான் பயிற்சியில் வேகமும் வலியும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பயிற்சி சூடுபிடித்துவிடும். காலை ஓட்டம் முடிந்து பெசன்ட் நகர் பீச் ஓரம் டீயோடு நிற்கும்போது புதிதாக வந்தவர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. பல வருஷமாக ஓடுகிறவன், கீழே சொல்லியிருக்கும் தப்புகளில் பாதியை நானே செய்து பார்த்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஈஸி ரன், ஈஸி ரன் என்கிறார்களே, எவ்வளவு ஈஸி?

நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக. பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று அபார்ட்மென்ட் மீட்டிங்கில் நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிய வேண்டும். "ம்", "ஆமா", "அப்படியா" என்பதற்கு மேல் வாயில் வரவில்லை என்றால் அது ஈஸி இல்லை. தனியாக ஓடுகிறவர்கள் பாட்டு பாடிப் பார்க்கலாம். தெருநாய் குரைக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கணக்காக வேண்டுமென்றால்: 5 மணி நேரத்தில் 42.195 கிலோமீட்டரை முடிக்க கிலோமீட்டருக்குச் சுமார் 7 நிமிடம் 6 வினாடி ஆகும். அந்த இலக்கு உள்ளவரின் ஈஸி ரன் 8 நிமிடம், எட்டரை நிமிடம் என்று போகலாம். பலர் செய்வது நேர்மாறு. எல்லா நாளும் 7 நிமிடத்திலேயே ஓடுவார்கள், ஈஸி நாளில் கொஞ்சம் வேகம், வேக நாளில் கொஞ்சம் மந்தம், எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பார்.

மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் வேகம் எங்கிருந்து வரும்?

கென்ய மாரத்தான் வீரர் எலியூட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் முடித்தார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 வினாடி. அதே ஆள் கென்யாவில் கப்டகட் முகாமில் ஓடும் ஈஸி ரன் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கும் மேலே போகும். அவருக்கே அவ்வளவு இடைவெளி தேவைப்படுகிறது, நமக்கு மட்டும் வேண்டாமா?

உள்ளே நடப்பது இதுதான். மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஓடும் பழக்கம் உடம்புக்கு வருகிறது, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. இதற்கெல்லாம் மூச்சு முட்ட ஓட வேண்டியதில்லை. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தசைநாரும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் "நமக்கு இப்போது மூச்சே வாங்குவதில்லை, கூட்டிவிடலாம்" என்று தோன்றும் சமயத்தில் சரியாக முன்னங்கால் எலும்பு மக்கர் செய்கிறது. இன்ஜின் புதுசு, சேஸி பழசு.

வாரத்தில் ஒரு நாள், பழகியவர்களுக்கு இரண்டு நாள் வேக ஓட்டம் போதும். மற்றதெல்லாம் அரட்டை வேகம்.

வாட்ச் சொல்வதை நம்புவதா, உடம்பு சொல்வதை நம்புவதா?

இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒத்துப்போகாத நாளில் உடம்பை நம்புங்கள்.

மணிக்கட்டில் நாடி பார்க்கும் வாட்ச் சில சமயம் நாடியை விட்டுவிட்டு உங்கள் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள், அது 170 துடிப்பு என்று காட்டும், நீங்கள் பயந்துபோய் நிற்பீர்கள். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கும் சராசரிக்குப் போட்டது, ஒரு தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ மாறும். அந்த எண்ணை வைத்துப் பிரித்த பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் என்ற உளவியலாளர் 'எவ்வளவு சிரமமாக இருக்கிறது' என்று ஓடுகிறவரையே கேட்டு எண் போடும் அளவுகோலை உருவாக்கினார். அது 6-இல் தொடங்கி 20-இல் முடியும். இளம் வயதுக்காரர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்புக்குப் பக்கத்தில் வரும் என்பதுதான் அந்த விசித்திரமான தொடக்கத்துக்குக் காரணம். நான் இவ்வளவு சிரமப்படுவதில்லை, பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொள்வேன். ஈஸி ரன் என்றால் 3 அல்லது 4. ஒரு மாதம் வாட்சைப் பார்க்காமல் ஓடி, எண்ணை மனதில் போட்டு, வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வியக்கும் அளவுக்குச் சரியாகச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

பெங்களூரில் சுலபமாக வந்த பேஸ் (கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) சென்னையில் வரவே மாட்டேன் என்கிறது. உடம்பில் கோளாறா?

ஊரில்தான் கோளாறு. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலையில் குளிர்ச்சியும் உண்டு. இங்கே கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை ஆவியாகாமல் ஒழுகத்தான் செய்கிறது, ஒழுகும் வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. உடம்புச் சூட்டைத் தணிக்க இதயம் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போக வேண்டியதில் பங்கு குறைகிறது. அதே பேஸில் போனாலும் முதல் கிலோமீட்டரில் 140 இருந்த துடிப்பு பத்தாவதில் 155, 160 என்று ஏறும். நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை.

புழுக்கமான நாளில் கிலோமீட்டருக்கு 20 முதல் 40 வினாடி விட்டுக்கொடுங்கள், கூச்சப்படாமல். வெளியூரிலிருந்து வந்தால் உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுங்கள், அதற்கு மேல் தாமதித்தால் தூங்கிவிடுவதே மேல்.

இதில் விளையாடக் கூடாத ஒன்று உண்டு. கொதிக்கும் வெயிலில் திடீரென்று மயிர்க்கூச்செறிந்து குளிர்வது, தலைசுற்றல், தள்ளாட்டம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது. இது உங்களுக்கு நடந்தால் நில்லுங்கள். கூட ஓடுகிறவருக்கு நடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு அது வரும்வரை காத்திருக்காமல் நிழலில் போட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள், ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். வேர்வை நிற்கவில்லை, அதனால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வேர்த்துக்கொண்டே இருக்கலாம்.

எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு நிற்க வேண்டும்?

இதுதான் எல்லோரும் கேட்பது, பதில் பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்க் கேட்பதும் இதைத்தான்.

இரண்டு காலிலும் ஒரே மாதிரி, பரவலாக, மந்தமாக இருப்பது, ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இளகுவது, இரண்டு நாளில் போய்விடுவது, இதெல்லாம் உழைப்பின் வலி. மாடிப்படி ஏறும்போது தொடை கெஞ்சும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் வருவது, விரலால் தொட்டு "இங்கே" என்று காட்ட முடிவது, ஓட ஓடக் கூடுவது, ராத்திரி படுத்த பிறகும் துடிப்பது, நொண்டி நடக்க வைப்பது, இவை வேறு ஜாதி. கடைசியாகச் சொன்னதை எனக்கு வந்த எச்சரிக்கைகளிலேயே தெளிவானது என்பேன். நடை மாறிவிட்டால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. வலது காலைக் காப்பாற்ற இடது இடுப்பு வேலை செய்யத் தொடங்கும், பிறகு இரண்டுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

என் கதை இது. இடது முன்னங்கால் எலும்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம். அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வரும். முதல் வாரம் ஓட்டத்தின் கடைசியில் மட்டும் வலித்தது, இரண்டாவது வாரம் நடுவிலேயே வந்தது, மூன்றாவது வாரம் செருப்பு மாட்டும்போதே வந்தது. இந்த மூன்று வாரமும் நான் ஐஸ் வைத்து, ஸ்ப்ரே அடித்து, ஷூவைக் குறைசொல்லி ஓடிக்கொண்டே இருந்தேன். எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்தது, சந்தோஷமாக அந்த ஞாயிறு 24 கிலோமீட்டர் ஓடினேன். எலும்பில் விழும் நுண் விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எம்ஆர்ஐயில் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் கட். முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் அதில் பாதியோடு போயிருக்கும் என்றார் பிஸியோ, திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

எலும்பின் உள்ளோரமாக நீளவாக்கில், ஒரு கோடு போல வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். தூரத்தைக் குறைத்தால் அடங்கும். நாணயம் போல ஒரே புள்ளியில் வலித்தால் டாக்டரிடம் போங்கள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் பாதத்தின் அடித்தசைநார் பிரச்சினை, அதோடு மல்லுக்கட்டாமல் ஆடுசதையை நீட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள். முழங்காலின் வெளிப்பக்கம், குறிப்பாக இறக்கத்திலும் படி இறங்கும்போதும் வலித்தால் ஐடி பேண்ட் (தொடையின் வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓடும் நார்ப்பட்டை), பல சமயம் இடுப்புத் தசை பலவீனத்தோடு சேர்ந்து வரும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓடும்போது மயக்கம், இவற்றுக்கு இந்தப் பக்கத்தில் பதில் தேடாதீர்கள். ஓட்டத்தை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்திருப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

மாத்திரை போட்டுக்கொண்டு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) முடித்துவிடலாமா?

வேண்டாம். வலி என்பது செய்தி, மாத்திரை போஸ்ட்மேனைத்தான் தடுக்கும். அதோடு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் உடம்பில் நீர் குறைந்திருக்கும் சமயத்தில் சிறுநீரகத்துக்கு ஆகாது.

மழைக்காலத்தில் சளி, காய்ச்சல் வந்துவிட்டது. ரேஸுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு என்றால் மெதுவாக அரை மணி நேரம் ஓடலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி, வயிற்றுப்போக்கு என்றால் படுக்கை. காய்ச்சலோடு ஓடி இதயத் தசையில் அழற்சி வரவழைத்துக்கொள்ளும் ஆபத்து சின்னதுதான், ஆனால் வந்தால் சின்னதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்கு சீசன் வேறு. டெங்கு வந்து போனவர்களுக்கு ரத்த அறிக்கை சரியான பிறகும் வாரக்கணக்கில் அசதி இருக்கும், அந்த வருஷ மாரத்தானை அரை மாரத்தானாக மாற்றிக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஒரு வாரம் விட்டுப்போச்சு. அடுத்த வாரம் சேர்த்து ஓடிவிடலாமா?

விட்டது விட்டதுதான். ஒரு வாரத்தில் உடற்தகுதி கரைந்துவிடாது, இரண்டு வாரத் தூரத்தை ஒரே வாரத்தில் ஓடினால் கால்தான் போகும்.

எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், ஆனாலும் அசதி. ஏன்?

பயிற்சிப் பட்டியலில் இல்லாததையும் எண்ணுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு ஆபீஸ் கால், குழந்தைக்குப் பரீட்சை, நாலு மணிக்கு அலாரம். உடம்புக்கு இதுவும் சுமைதான், டெம்போ ரன் (வேக ஓட்டம்) கணக்கில்தான் போகும். காலையில் எழுந்தவுடன், காபிக்கு முன்னால், நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கமாக 58 இருப்பது மூன்று நாளாக 66, 67 என்றால், தூக்கமும் சரியில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்றால், ஓய்வெடுங்கள். எரிந்து விழுவதை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள், வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள்.

பெண்களுக்கு ஒன்று. "மாதவிடாய் நின்றுபோச்சு, நல்லா டிரெயின் ஆகிட்டோம்னு அர்த்தம்" என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தப்பு. எரிப்பதற்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்பதற்கான அலாரம் அது, எலும்பு அடர்த்தி குறைந்து விரிசல் வருவது அடுத்த கட்டம். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனிப் பெயரே வைத்து, ஆண்களுக்கும் இந்த உணவுப் பற்றாக்குறை வரும் என்று சொன்னது. மூன்று மாதம் தவறினால் டாக்டரைப் பாருங்கள், கூடவே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் ஓட்டம் கனக்கும் பெண்களில் பலருக்கு விடை இரும்புச்சத்துக் குறைவில் இருக்கிறது.

ரேஸ் அன்று எந்த பேஸில் தொடங்குவது?

இலக்கு பேஸைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 வினாடி மெதுவாக, முதல் ஐந்து கிலோமீட்டருக்கு. படிக்கச் சுலபம். நேப்பியர் பாலத்தருகே விடியுமுன் இருட்டில், பாட்டும் கூச்சலுமாக, மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துத் தேறிய காலோடு நிற்கும்போது உடம்பு பொய் சொல்லும். பயிற்சி முழுக்க உடம்பைக் கேள் என்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறேன்: முதல் பத்து கிலோமீட்டர் மட்டும் உடம்பை நம்பாமல் வாட்சைப் பாருங்கள்.

நான் முதல் மாரத்தானில் நாலரை மணி நேரம் குறிவைத்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி போதும். முதல் பத்தை 5:50-இல் ஓடினேன், கொஞ்சம் நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற புத்திசாலித்தனம். 32-ஆவது கிலோமீட்டரில் வெயில் ஏறும் நேரத்தில் டிவைடரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு வாலன்டியர் பையன் "அங்கிள், உப்பு வேணுமா" என்று கேட்டது மட்டும் ஞாபகம். 5 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். சேர்த்த ஐந்து நிமிடத்துக்கு ஐம்பது நிமிடம் வட்டி.

காரணம் எளிது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும், 65 கிலோ ஆளுக்கு முழு தூரத்துக்கும் 2,700-க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். மீதி கொழுப்பிலிருந்து வர வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தையே எடுக்கும், 30 கிலோமீட்டர் வாக்கில் டப்பா காலி. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் தாக்குப்பிடிக்கலாம். ஜெல்லோ, பேரீச்சம்பழமோ, வாழைப்பழமோ, லாங் ரன்னில் பழகியதை மட்டும்.

2023 சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 வினாடியில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 60 நிமிடம் 48 வினாடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 வினாடி. அவருக்கும் முதல் பாதிதான் மெதுவானது.

நடுவில் நடந்தால் கேவலமா?

யார் சொன்னது? 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே ஓடி-நடந்து-ஓடும் முறையைத்தான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே தொடங்க வேண்டும், முடியாமல் போன பிறகு நடப்பது வேறு.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகத்துக்கு. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்தது. மோதிரம் இறுகுவது, குமட்டல், தலைவலி, குழப்பம் என்றால் இன்னும் தண்ணீர் கொடுக்காமல் மெடிக்கல் டென்டுக்குக் கூட்டிப்போங்கள். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள், இரண்டு கிலோ குறைந்திருந்தால் போதவில்லை. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வேர்வையில் போவது சோடியம். அதனால் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ மேல்.

ரேஸ் முடிந்து இரண்டாம் நாள். மாடிப்படி இறங்க முடியவில்லை. இது சாதாரணமா?

சாதாரணம்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மூன்று நான்கு நாளில் சரியாகும். சிறுநீர் மட்டும் கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டர், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி அது. மற்றபடி முதல் வாரம் நடை மட்டும், இரண்டாவது வாரம் அரட்டை வேகத்தில் அரை மணி நேரம். கால் வலி போன அன்று ராத்திரியே அடுத்த ரேஸுக்குப் பணம் கட்டக் கை பரபரக்கும், போனை யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.